சீருடை வாக்கு வாங்கித் தருமா? மாசசூசெட்ஸ், 2010

வாசகர் கேள்வி | 8 ஆகஸ்ட் 2025

2010 ஜனவரியில் ஜனநாயகக் கட்சியின் எட்வர்ட் கென்னடி 47 ஆண்டுகள் வகித்த அமெரிக்க செனட் இடத்தைக் குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுன் கைப்பற்றினார். அவர் அப்போது மாநில செனட் உறுப்பினர். தேசியக் காவற்படையில் லெப்டினன்ட் கர்னல். அமெரிக்கர்களுக்குச் சீருடையைக் கண்டால் போதும், கட்சி மறந்துவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அதோடு ஒரு ஐயம். படையில் பணியாற்றிக்கொண்டே ஒருவர் எப்படித் தேர்தலில் நிற்க முடிந்தது?

9 ஆகஸ்ட், காலை

சான்று வேண்டும். அந்தத் தேர்தலின்போது நான் பாஸ்டனுக்கு மேற்கே நேட்டிக்கில் குடியிருந்தேன். எங்கள் ஊரின் ஒரு பகுதி பிரவுனின் மாநில செனட் தொகுதிக்குள் வந்தது. குடியுரிமை இல்லாததால் எனக்கு வாக்கு இல்லை. ஆகவே யாருக்குப் போடுவது என்ற கவலையில்லாமல் வேடிக்கை பார்க்க முடிந்தது.

நான் பார்த்தவரை சீருடை அந்தப் பரப்புரையின் முகப்பில் இல்லவே இல்லை. முகப்பில் இருந்தது ஒரு ஜி.எம்.சி. பிக்கப் டிரக். 2 லட்சம் மைல் ஓடிய அந்த வண்டியை அவரே ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவதாக விளம்பரம் காட்டியது. அதற்கு முன் வந்த முதல் விளம்பரம் இன்னும் துணிச்சலானது. எட்வர்டின் அண்ணனான அதிபர் ஜான் கென்னடி வரிக்குறைப்பைப் பற்றிப் பேசும் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஓடிக்கொண்டிருக்கையிலேயே அவருடைய முகம் மெல்ல பிரவுனின் முகமாக மாறும். கென்னடி இடத்துக்குப் போட்டியிடும் குடியரசுக் கட்சிக்காரர், கென்னடியின் வாயாலேயே தன் பேச்சைத் தொடங்கினார்.

அந்த ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாசசூசெட்ஸில் தேர்தல் நெருங்கினால் கட்சி ஆட்கள் வேட்பாளர் பெயர் எழுதிய அட்டைகளைப் பிடித்துக்கொண்டு சாலைச் சந்திப்புகளில் நிற்பார்கள். அதற்கு ஸ்டாண்ட்அவுட் என்று பெயர். ஜனவரி இரண்டாம் வாரம் ரூட் 9 சாலையோரம், உப்பு தூவிச் சாம்பல் நிறமாகிக் கிடந்த பனிக்குவியல்மேல் பிரவுன் அட்டையோடு மூன்று பேர் நின்றதைப் பார்த்தேன். ஒருவர் கையுறையைக் கழற்றி விரல்களில் ஊதிவிட்டு மீண்டும் மாட்டிக்கொண்டார். கடந்துபோன வண்டிகளில் பல ஒலியெழுப்பின. எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சியின் மார்த்தா கோக்லியின் அட்டை அந்த வாரம் என் கண்ணில் படவில்லை.

9 ஆகஸ்ட், இரவு

இரண்டாவது ஐயத்துக்கு முதலில் சுருக்கமான விடை. முழுநேரப் பணியில் இருக்கும் அமெரிக்கப் படையினர் கட்சிசார்ந்த தேர்தலில் நிற்க முடியாது. பாதுகாப்புத் துறையின் 1344.10 என்ற எண் கொண்ட ஆணை அதைத் தடுக்கிறது. ஆனால் தேசியக் காவற்படையும் துணைப்படைகளும் பகுதிநேர ஏற்பாடுகள். மாதத்துக்கு ஒரு வார இறுதி, ஆண்டுக்கு இரண்டு வாரம் பயிற்சி. மீதி நாள்களில் அவர் வழக்கறிஞர், ஆசிரியர், சட்டமன்ற உறுப்பினர், யாராகவும் இருக்கலாம். பணியழைப்பில் இல்லாத நேரத்தில் வேட்பாளராகலாம். தன் தரநிலையைக் குறிப்பிடலாம். சீருடைப் படத்தையும் பயன்படுத்தலாம். ஆனால் இதனால் பாதுகாப்புத் துறையின் ஒப்புதல் இருப்பதாகப் பொருளில்லை என்று தெளிவாக எழுத வேண்டும். அந்தப் படமே விளம்பரத்தின் முதன்மைப் படமாக இருக்கக் கூடாது.

சீருடையை முகப்பில் வைக்க விதியே தடையாக இருந்தது என்பதை நண்பர் கவனிக்க வேண்டும். டிரக்குக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை.

11 ஆகஸ்ட்

படையதிகாரி என்ற பட்டத்தை எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். மாநில செனட்டர் என்ற பாதியை யாரும் பேசுவதில்லை. எனக்கு அந்தப் பாதிதான் வெற்றியின் பெரும்பகுதியாகத் தோன்றுகிறது.

பிரவுன் ரென்டம் என்ற சிற்றூரில் சொத்துமதிப்பீட்டாளராகத் தொடங்கினார். பிறகு ஊர் நிர்வாகக் குழு. 1998-இல் மாநிலக் கீழவை. 2004 மார்ச் 2 அன்று நடந்த இடைத்தேர்தலில் மாநில செனட். அந்த இடைத்தேர்தலையும் சற்று நின்று பார்க்க வேண்டும். மாசசூசெட்ஸ் செனட்டர் ஜான் கெர்ரி அதிபர் வேட்பாளராகும் முயற்சியில் இருந்தார்; கட்சி வேட்பாளரைத் தேர்வுசெய்யும் ஜனநாயகக் கட்சியின் முதன்மைத் தேர்தல் நாளிலேயே இந்த இடைத்தேர்தலும் வைக்கப்பட்டது. ஜனநாயகக் கட்சி வாக்காளர்கள் திரண்டு வந்த அதே நாளில், அதே வாக்குச்சாவடிகளில், பிரவுன் சில நூறு வாக்குகளில் வென்றார். எதிரியின் கோட்டைக்குள் சிறப்புத் தேர்தல் ஒன்றை வெல்வது எப்படி என்பதை அவர் 2010-இல் புதிதாகக் கற்கவில்லை.

2009-இல் 40 பேர் கொண்ட மாநில செனட்டில் குடியரசுக் கட்சிக்கு 5 பேர்தான். அப்படிப்பட்ட அவையில் ஒரு சட்டத்தை நிறைவேற்ற வேண்டுமானால் எதிர்க்கட்சிக்காரர்களிடம் போய் நின்று கேட்க வேண்டும். அவர் கொண்டுவந்த சட்டங்களில் ஒன்று 2007-இல் வந்தது: மாநில வருமான வரிப் படிவத்தில், ஈராக்கிலோ ஆப்கானிஸ்தானிலோ பணியாற்றியவர்கள் குறியிட ஒரு கட்டம். அதன்மூலம் அவர்களை அடையாளம் கண்டு, அவர்களுக்குரிய சலுகைகளைத் தெரிவிக்கலாம். போரைப் பற்றி மேடையில் முழங்காமல், வரிப் படிவத்தில் ஒரு சிறு கட்டம் போட்டுக் காரியத்தை முடிக்கும் வேலை இது. இதில் படை அனுபவமும் இருக்கிறது, சட்டமன்ற அனுபவமும் இருக்கிறது. ஆனால் படிவத்தை மாற்றத் தெரிந்தவர் சட்டமன்றக்காரர்தான்.

தேர்தலின் முதன்மை வாதமும் அங்கிருந்தே வந்தது. 2006-இல் மிட் ராம்னி ஆளுநராக இருந்தபோது அனைவருக்கும் மருத்துவக் காப்பீடு தரும் சட்டத்தை மாநிலம் இயற்றியது. அதற்கு பிரவுன் ஆதரவாக வாக்களித்தார். 2010-இல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டு மசோதாவை அவர் எதிர்த்தபோது, காப்பீடே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, பிற மாநிலங்களுக்காக நாம் ஏன் இரண்டாம் முறை பணம் கட்ட வேண்டும் என்றார். இந்த வாதத்தை ஒரு கர்னல் சொல்லியிருந்தால் எடுபட்டிருக்காது. மாநில அவையில் அந்தச் சட்டத்துக்குக் கை தூக்கியவர் சொன்னதால் எடுபட்டது.

12 ஆகஸ்ட்

சீருடை என்று திரும்பத் திரும்ப எழுதும் நண்பருக்கு ஒரு சிறு தகவல். அந்தத் தேர்தலில் பிரவுனின் சீருடைப் படத்தைவிட அவர் எதுவுமே அணியாத படம்தான் அதிகம் பேசப்பட்டது. 1982-இல், சட்டக் கல்லூரி மாணவராக இருந்தபோது, காஸ்மோபாலிட்டன் இதழ் நடத்திய போட்டியில் வென்று அதன் நடுப்பக்கத்தில் தோன்றினார். பரிசு 1,000 டாலர். நம் ஊரில் என்றால் வேட்புமனுவுக்கு முன்பே ஆளை ஊரைவிட்டு ஓட்டியிருப்பார்கள். அங்கே எதிர்த்தரப்புகூட அதைப் பெரிதாகக் கையில் எடுக்கவில்லை.

இன்னொன்று: கென்னடியின் இடத்துக்கு நடந்த அந்தத் தேர்தலில் கென்னடி ஒருவரும் நின்றார். ஜோசப் கென்னடி என்ற அந்த லிபர்டேரியன் (தனிமனித விடுதலைக் கொள்கை) வேட்பாளருக்கும் கென்னடி குடும்பத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெயரின் பலத்தில் 1 விழுக்காடு கிடைத்தது.

14 ஆகஸ்ட்

மூன்று நாள்களாக இதை மனத்தில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தேன். சீருடைக்கு வேலையே இல்லை என்று நான் சொல்வதுபோலத் தோன்றினால் அது முழுமையன்று. ஒரு குறிப்பிட்ட இடத்தில் அது வேலை செய்தது. வாக்காளரைப் பரவசப்படுத்தும் வேலை அல்ல. எதிராளியை வாயடைக்கும் வேலை.

2009 டிசம்பர் 25 அன்று டெட்ராய்ட் நோக்கிப் பறந்த விமானத்தில், உள்ளாடைக்குள் வெடிமருந்து மறைத்து வந்த ஒருவர் பிடிபட்டார். அவரைக் குடிமை நீதிமன்றத்தில் நிறுத்துவதா, எதிரிப் போராளியாக நடத்துவதா என்ற விவாதம் நாடெங்கும் மூண்டது. தேர்தலுக்கு மூன்றரை வாரமே இருந்தது. எதிர்த்து நின்ற மார்த்தா கோக்லி மாநில அட்டர்னி ஜெனரல். அதற்கு முன் மிடில்செக்ஸ் மாவட்ட அரசு வழக்கறிஞர். குற்றவியல் சட்டத்தில் அவர் கைதேர்ந்தவர். சாதாரணமாக இது அவருடைய களம். பிரவுன் சீருடைக்காரர் என்பதால் களம் கைமாறிவிட்டது. பயங்கரவாதிகளுக்காக வாதாட வழக்கறிஞர்களை அமர்த்துவதற்கல்ல, அவர்களைத் தடுக்கும் ஆயுதங்களுக்கே வரிப்பணம் செலவாக வேண்டும் என்ற பொருளில் வெற்றியுரையிலும் பேசினார், அரங்கம் அதிர்ந்தது.

இதில் ஒரு முரண் உண்டு. பிரவுன் படையில் செய்த வேலை என்ன? அவர் காலாட்படைப் பயிற்சியும் பாராசூட் பயிற்சியும் பெற்றவர்தான். ஆனால் தொண்ணூறுகளிலிருந்து படைச் சட்டத்துறையில் இருந்தார். 2010-இல் நியூ இங்கிலாந்து வட்டாரத்தில் படையினருக்காக வாதாடும் தலைமை வழக்கறிஞர். குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் வேண்டும் என்ற கொள்கையின் பேரில் சீருடை அணிந்தவர், அதே சீருடையின் பலத்தில் வழக்கறிஞர்களுக்குப் பணம் எதற்கு என்று கேட்டார். வாக்காளர் கண்ணுக்குத் தெரிவது தோளில் இருக்கும் பட்டை. கோப்பில் இருக்கும் வேலை தெரிவதில்லை.

அவர் படையில் சேர்ந்ததும் போரைக் கண்டு அல்ல. 1978 பிப்ரவரிப் பனிப்புயலில் மாசசூசெட்ஸ் முடங்கிக் கிடந்தபோது, சாலைகளில் சிக்கியவர்களைத் தேசியக் காவற்படை மீட்டதைப் பார்த்த கல்லூரி மாணவர், பிறகு 19 வயதில் சேர்ந்தார். அந்த மாநிலத்துக்காரர்களுக்குக் காவற்படை என்றவுடன் நினைவுக்கு வருவது அந்தப் பனிப்புயல். பாலைவனப் போர் அதற்குப் பின்னால்தான் வரும்.

15 ஆகஸ்ட்

நேற்று எழுதியதோடு சேர்த்துப் படிக்க ஒரு வரி. தேசியக் காவற்படை மாநில நிலையில் இயங்கும்போது அதன் தலைமைத் தளபதி ஆளுநர். 2010-இல் ஆளுநர் ஜனநாயகக் கட்சியின் டெவல் பேட்ரிக். ஆக, பிரவுன் வாரநாள்களில் அவையில் ஆளுநரின் திட்டங்களை எதிர்ப்பார். மாதம் ஒரு வார இறுதியில் அதே ஆளுநரின் படைக்குக் கீழ்ப்படிவார். இரண்டும் குழப்பமின்றி நடந்தன.

17 ஆகஸ்ட்

வேறொரு நண்பர், இப்படிப்பட்டவர் அந்த இடத்துக்கு வந்தது இதுவே முதல் முறையா என்று கேட்டிருக்கிறார். இந்தக் கேள்விக்காகவே இழையை நீட்டலாம்.

முதல் முறை அல்ல. கென்னடிகள் அந்த இடத்தை யாரிடமிருந்து பிடுங்கினார்களோ, அவரும் இதே வார்ப்பு. ஹென்றி கேபட் லாட்ஜ் இளையவர், குடியரசுக் கட்சி. 1933 முதல் மாநிலக் கீழவை உறுப்பினர். அதற்கு முன்பிருந்தே துணைப்படையில் குதிரைப்படை அதிகாரி. 1936-இல் செனட்டுக்குப் போட்டியிட்டார். அந்த ஆண்டு ரூஸ்வெல்ட் அலையில் குடியரசுக் கட்சி நாடெங்கும் அடித்துச் செல்லப்பட்டது; லாட்ஜோ பாஸ்டனின் பழம்பெரும் அரசியல்வாதி ஜேம்ஸ் மைக்கேல் கர்லியைத் தோற்கடித்தார். 34 வயது.

பிரவுனுக்கு வராத சோதனை லாட்ஜுக்கு வந்தது. 1942-இல், செனட்டராக இருந்தபடியே, லிபியாவில் பிரிட்டிஷ் எட்டாம் படையோடு சேர்ந்து போரிட்ட முதல் அமெரிக்க டாங்கிப் பிரிவினருடன் பணியாற்றினார். அப்போது, நாடாளுமன்ற உறுப்பினர்கள் அவை, படை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. அவர் அவைக்குத் திரும்பினார். அந்த நவம்பரில் மீண்டும் வென்றார். ஆனால் மனம் ஒப்பவில்லை போலும். 1944 பிப்ரவரியில் செனட் பதவியைத் துறந்துவிட்டு ஐரோப்பியப் போர்முனைக்குப் போனார். உள்நாட்டுப் போருக்குப் பிறகு போரிடுவதற்காக செனட்டைவிட்டு விலகிய முதல் உறுப்பினர் அவரே. திரும்பியபோது லெப்டினன்ட் கர்னல். 1946-இல் டேவிட் வால்ஷைத் தோற்கடித்து மாநிலத்துக்குரிய இரண்டு செனட் இடங்களில் மற்றொன்றைப் பிடித்தார். பின்னாளில் கென்னடிகளின் இடம் என்று பெயர் பெற்றது இந்த இரண்டாவது இடம்தான்.

சீருடைக்கு வாக்கு விழும் என்றால், பதவியைத் தூக்கியெறிந்துவிட்டுப் போர்முனைக்குப் போன இந்த மனிதரை யாராலும் அசைத்திருக்க முடியாது. 1952-இல் என்ன நடந்தது? ஐசன்ஹோவரை அதிபர் வேட்பாளராக்கும் வேலையில் லாட்ஜ் நாடெங்கும் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் ஜான் கென்னடி மாசசூசெட்ஸின் ஊர்களிலும் நகரங்களிலும் கைகுலுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய தாயும் சகோதரிகளும் பெண்களுக்கான தேநீர் விருந்துகளை நடத்திக்கொண்டிருந்தார்கள். ஐசன்ஹோவர் அந்த மாநிலத்தில் 2 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளில் வென்றார். அதே நாளில், அதே வாக்குச்சீட்டில், லாட்ஜ் ஏறத்தாழ 70 ஆயிரம் வாக்குகளில் தோற்றார்.

கென்னடியும் கடற்படையில் போரிட்டவர்தானே என்று நண்பர் மடக்கலாம். மடக்கட்டும். இருவருமே சீருடை அணிந்தவர்கள் என்றால், வெற்றியைத் தீர்மானித்தது வேறொன்று என்றாகிவிடுகிறது.

இரு குடும்பங்களின் கணக்கு அதற்கும் முன்பே தொடங்கியது. 1916-இல் லாட்ஜின் தாத்தா, கென்னடியின் தாய்வழித் தாத்தாவான ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டை இதே மாநிலத்தின் செனட் தேர்தலில் வென்றார். 1962-இல் எட்வர்ட் கென்னடி முதன்முதலாக வென்றபோது எதிர்த்து நின்றவர் லாட்ஜின் மகன் ஜார்ஜ்.

18 ஆகஸ்ட்

2010-க்குத் திரும்புவோம். தேர்தல் நடந்த தேதியே அரசியல் விளையாட்டின் விளைவு. முன்பெல்லாம் செனட் இடம் காலியானால் ஆளுநர் ஒருவரை நியமிப்பார். 2004-இல் கெர்ரி அதிபரானால் குடியரசுக் கட்சி ஆளுநர் ராம்னி தன் ஆளை நியமித்துவிடுவாரே என்று அஞ்சி, ஜனநாயகக் கட்சிப் பெரும்பான்மை சட்டத்தை மாற்றி, இடம் காலியான 145 முதல் 160 நாள்களுக்குள் சிறப்புத் தேர்தல் என்றாக்கியது. கெர்ரி தோற்றார், சட்டம் நின்றது. 2009 ஆகஸ்ட் 25 அன்று எட்வர்ட் கென்னடி மறைந்தபோது ஆளுநர் அவர்கள் கட்சிக்காரர். மீண்டும் சட்டத்தைத் திருத்தி, தேர்தல் வரை பால் கிர்க்கை இடைக்கால செனட்டராக நியமித்தார்கள். தேர்தலை மட்டும் தவிர்க்க முடியவில்லை. தான் வெட்டிய குழி என்பார்களே, அது 2010 ஜனவரி 19 என்ற தேதியோடு காத்திருந்தது.

ஜனவரி 11 அன்று நடந்த விவாதத்தில் நெறியாளர் டேவிட் கெர்கன் கென்னடியின் இடம் என்று குறிப்பிட்டுக் கேட்டபோது, இது கென்னடிகளின் இடமும் அல்ல, ஜனநாயகக் கட்சியின் இடமும் அல்ல, மக்களின் இடம் என்று பிரவுன் மறுமொழி சொன்னார். அதே நாளில் இணையத்தில் திரண்ட நன்கொடை மட்டும் 13 லட்சம் டாலர். பிறகு எங்கள் வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. வாக்கில்லாத என்னிடம் பதிவுசெய்த குரல்கள் நாள் முழுவதும் வாக்குக் கேட்டன. கடைசி ஞாயிறன்று ஒபாமாவே நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்கு வந்து கோக்லிக்காகப் பேசினார்.

இறுதி முடிவு: பிரவுன் ஏறத்தாழ 52 விழுக்காடு, கோக்லி 47. மாசசூசெட்ஸிலிருந்து குடியரசுக் கட்சி செனட்டர் ஒருவர் போய் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது; கடைசியாக இருந்தவர் எட்வர்ட் புரூக், 1978-இல் தோற்றவர்.

எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் கொரியப் போரில் பணியாற்றியவர். வாழ்நாள் முழுவதும் ஜனநாயகக் கட்சிக்கே போட்டவர். அந்த முறை பிரவுனுக்குப் போட்டதாகச் சொன்னார். படைக்காரர் என்பதாலா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். லெப்டினன்ட் கர்னல்களைத் தான் நிறையப் பார்த்தாகிவிட்டது என்றார். அந்த அம்மா தன்னிடம் வாக்கே கேட்கவில்லை, இவர் கேட்டார், அவ்வளவுதான் என்று முடித்துவிட்டு வாசல் பனியை வாரப் போய்விட்டார்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். புத்தாண்டு நாளில் ஃபென்வே பார்க் திடலில் ஐஸ் ஹாக்கி ஆட்டம் நடந்தபோது பிரவுன் வெளியே நின்று கைகுலுக்கினார். அதைச் சுட்டிக் கேட்ட செய்தியாளரிடம், குளிரில் ஃபென்வே வாசலில் நின்று கைகுலுக்குவதா என்று கோக்லி திருப்பிக் கேட்டது பெரும் சேதமாயிற்று. அவரவர் வாசலில் போய்க் கேட்க வேண்டும் என்பது அந்த மாநிலத்தின் பழைய பாடம். பின்னாளில் நாடாளுமன்ற அவைத்தலைவரான டிப் ஓ'நீல் 1935-இல் கேம்பிரிட்ஜ் நகர மன்றத் தேர்தலில் தோற்றார். தெருவிலிருந்த அம்மையார் ஒருவர், நீ என்னிடம் கேட்கவில்லையே என்று அவரிடம் சொன்ன கதையை அவர் ஆயுள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

20 ஆகஸ்ட்

எண்களைப் பார்க்காமல் இந்த விவாதத்தை நடத்துவது வீண்.

2010-இல் பிரவுன் பெற்றவை 11 லட்சத்து 68 ஆயிரம் வாக்குகள், வென்றார். 2012-இல் எலிசபெத் வாரனை எதிர்த்து அவர் பெற்றவை ஏறத்தாழ 14 லட்சத்து 58 ஆயிரம், தோற்றார். வாரனுக்கு 16 லட்சத்து 96 ஆயிரம். தோற்றபோது, வென்றபோது வாங்கியதைவிட 2 லட்சத்து 90 ஆயிரம் வாக்குகள் கூடுதலாக வாங்கியிருக்கிறார். இடைப்பட்ட காலத்தில் அவர் கர்னலாகவும் உயர்ந்திருந்தார்.

ஆக, சீருடை அதே சீருடை, தரநிலை கூடியது, வாக்கும் கூடியது, இடம் மட்டும் போய்விட்டது. காரணம் வாக்குச்சாவடிக்கு வந்தவர்களின் எண்ணிக்கை. 2010 ஜனவரியில் வந்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சத்து 50 ஆயிரம். அதிபர் தேர்தல் நடந்த 2012 நவம்பரில் 31 லட்சத்துக்கும் மேல். ஜனவரியில் வீட்டிலிருந்த ஜனநாயகக் கட்சியினர் நவம்பரில் வந்துவிட்டார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. அவர் வாசலில் இருந்தது வாரன் அட்டை.

21 ஆகஸ்ட்

அரசியலமைப்புச் சட்டம் இதை அனுமதிக்கிறதா என்ற கேள்வி மீண்டும் வந்திருக்கிறது. 9-ஆம் தேதி எழுதியது வேட்பாளராவதைப் பற்றி. உறுப்பினரான பின் துணைப்படைப் பதவியைத் தொடர்வது வேறு சிக்கல்.

அமெரிக்க அரசியலமைப்பின் முதல் உறுப்பு, ஆறாம் பிரிவு தெளிவாகத்தான் சொல்கிறது: ஒன்றிய அரசின்கீழ்ப் பதவி வகிக்கும் எவரும், அப்பதவியில் தொடரும்வரை, இரு அவைகளில் எதிலும் உறுப்பினராக இருக்க முடியாது. துணைப்படை அதிகாரி பதவி அப்படிப்பட்ட பதவியா? 91-ஆம் காங்கிரஸில், அதாவது 1969-71 நாடாளுமன்றத்தில், 130 உறுப்பினர்கள் துணைப்படைப் பதவியோடு இருந்தார்கள். வியட்நாம் போரை எதிர்த்த துணைப்படையினர் குழு வழக்குத் தொடுத்தது. 1974-இல் உச்ச நீதிமன்றம், வழக்குத் தொடுக்க இவர்களுக்குத் தகுதியில்லை என்று கூறி முடித்துவிட்டது. மூலக் கேள்வி தொடப்படாமலே கிடக்கிறது.

ஒரே ஒரு மூலையில் கதவு அடைபட்டது. தென் கரோலினாவின் லின்ட்சி கிரஹாமும் நம் பட்டியலுக்குரியவரே: விமானப்படை வழக்கறிஞர், மாநிலக் கீழவை உறுப்பினர், 1994-இல் ஒன்றிய நாடாளுமன்றக் கீழவை, பிறகு செனட். செனட்டராக இருந்துகொண்டே துணைப்படை அதிகாரி என்ற முறையில் விமானப்படையின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் அமர்ந்தார். அவர் அமர்ந்திருந்த அமர்வில் தீர்ப்புப் பெற்ற ஒரு விமானப்படையினர் அதை எதிர்த்தார். படைத்துறையின் உச்ச முறையீட்டு மன்றம் 2006-இல், செனட் உறுப்பினர் அந்த நீதிபதி இருக்கையில் அமர முடியாது என்று தீர்ப்பளித்தது. துணைப்படைப் பதவியை அவர் 2015 வரை தொடர்ந்தார். நீதிபதி வேலை மட்டும் போயிற்று.

இந்தியாவில் வழி எதிர்த்திசையில் இருக்கிறது. சச்சின் பைலட் 2012-இலும் அனுராக் தாக்கூர் 2016-இலும், நாடாளுமன்ற உறுப்பினர்களாக இருந்தபடியே, பகுதிநேரத் துணைப்படையான டெரிட்டோரியல் ஆர்மியில் அதிகாரிகளானார்கள். இவர்கள் பதவி வந்தபின் சீருடை அணிந்தவர்கள்.

22 ஆகஸ்ட்

செனட்டில் சீருடை அவருக்கு எதற்குப் பயன்பட்டது என்று கேட்டவருக்கு: 2010 டிசம்பர் 18. தன்பால் ஈர்ப்புடையவர்கள் வெளிப்படையாகப் படையில் பணியாற்றுவதைத் தடுத்த சட்டத்தை நீக்கும் மசோதா 65-31 என்று நிறைவேறியது. ஆதரித்த எட்டுக் குடியரசுக் கட்சியினரில் பிரவுனும் ஒருவர். படையில் இருப்பவர் என்பதால் அவர் வாக்குக்குத் தனி எடை இருந்தது. 2011 ஆகஸ்டில் தன் ஆண்டுப் பயிற்சியை ஆப்கானிஸ்தானில் செய்ய விரும்பி, செனட்டராக இருந்தபடியே போய் வந்தார். 1942-இல் லாட்ஜ் லிபியாவுக்குப் போனதோடு இதை ஒப்பிடலாம்; ஆனால் பயிற்சிப் பயணத்தையும் டாங்கிப் போரையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை.

23 ஆகஸ்ட்

கடைசிக் கேள்வி நியூ ஹாம்ப்ஷயரைப் பற்றியது. பிரவுன் 2025 ஜூனில், 2026 செனட் தேர்தலுக்கு அங்கே வேட்பாளராக நிற்கப்போவதாக அறிவித்தார். 35 ஆண்டுப் பணிக்குப் பின் 2014-இல் கர்னலாக ஓய்வு பெற்றவர். நியூசிலாந்தில் தூதராகவும் இருந்தார். இம்முறையாவது சீருடை கைகொடுக்குமா என்கிறார் நண்பர்.

படைத் தரநிலை மாநில எல்லையைத் தாண்டி எங்கும் கூட வரும். ரென்டமில் சொத்து மதிப்பிட்டதும், மாசசூசெட்ஸ் வரிப் படிவத்தில் கட்டம் போட்டதும் எல்லைக்கு அப்பால் செல்லாது. நியூ ஹாம்ப்ஷயரின் கீழவையில் 400 உறுப்பினர்கள். ஆண்டுக்கு 100 டாலர் ஊதியம். ஏறக்குறைய ஒவ்வொரு தெருவிலும் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரை அறிந்த வாக்காளர்களிடம், பக்கத்து மாநில அவையில் பத்தாண்டு இருந்தேன் என்று போய் நிற்க வேண்டும். 2014-இலும் இதே நிலைதான்: மாசசூசெட்ஸிலிருந்து குடிபெயர்ந்து ஓராண்டு ஆவதற்குள் அங்கே செனட்டராக இருந்த ஜனநாயகக் கட்சியின் ஜீன் ஷஹீனை எதிர்த்து நின்றார். நாடெங்கும் குடியரசுக் கட்சி செனட் இடங்களை அள்ளிய ஆண்டு அது. கர்னல் பட்டம் அப்படியே இருந்தது. மூன்று விழுக்காட்டுக்குச் சற்று மேலான வேறுபாட்டில் தோற்றார்.